குதிரை இனங்களைக் காக்க எண்ணிக்கை மட்டும் போதுமா?

புதுதில்லி: குதிரை, கழுதை, ஒட்டகம் ஆகியவற்றின் நாட்டு இனங்களைக் காக்கும் பணியைத் தேசிய கால்நடை இயக்கத்தில் சேர்க்க, மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரி 21-இல் ஒப்புதல் அளித்தது. பண்ணை தொடங்குவோருக்கு மூலதனச் செலவில் 50 சதவீதம், அதிகபட்சமாக ரூ.50 லட்சம் மானியம். இனப் பாதுகாப்புக்கு மாநில அரசுகளுக்கு உதவி. விந்தணு சேகரிப்பு நிலையமும் மூல இனப்பெருக்கப் பண்ணையும் அமைக்க மத்திய அரசின் சார்பில் ரூ.10 கோடி என்பன அதன் முக்கிய அம்சங்கள்.

இந்த முடிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 6.25 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக் குதிரைகளின் எண்ணிக்கை, 2019 கணக்கெடுப்பில் 3.42 லட்சமாகச் சரிந்தது. ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 45 சதவீத வீழ்ச்சி. வண்டி இழுக்கவும் சுமை தூக்கவும் குதிரையை நம்பியிருந்த இடங்களுக்கு மோட்டார் வாகனங்கள் வந்துவிட்டன.

ஆனால், பண்ணைகளும் குட்டிகளும் பெருகினால் மட்டும் இனம் பிழைத்துவிடுமா? பிறக்கும் குட்டிகள் எத்தனை பொலிகுதிரைகளின் வாரிசுகள் என்ற கேள்விக்கான பதிலில்தான் இத்திட்டத்தின் வெற்றி தோல்வி அடங்கியிருக்கிறது.

உட்கலப்பு என்னும் ஆபத்து: நெருங்கிய ரத்த உறவுள்ள விலங்குகளை இணை சேர்ப்பது உட்கலப்பு எனப்படுகிறது. எந்த உயிரினத்திலும் வெளியே தெரியாத சில குறைபாட்டு மரபணுக்கள் மறைந்திருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறைபாடு வந்து சேரும்போது அது குட்டியிடம் வெளிப்படும். பெற்றோர் உறவினராக இருந்தால் அதற்கான வாய்ப்பு கூடும். தந்தையுடன் மகள் இணைந்தால் பிறக்கும் குட்டியின் உட்கலப்பு அளவு 25 சதவீதம். ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்தவை இணைந்தால் 12.5 சதவீதம்.

இதன் விளைவு ஒரே நாளில் தெரிவதில்லை. சினை பிடிப்பது குறையும், குட்டிகள் வலுவிழக்கும், நோய் எதிர்ப்பாற்றல் தளரும். பெண் குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதங்கள். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. எனவே, தவறு தெரியவருவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும்.

இயற்கையாகத் திரியும் மந்தைகளில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. பருவமடையும் இளம் குதிரைகள், ஆணாயினும் பெண்ணாயினும், பெரும்பாலும் பிறந்த கூட்டத்தை விட்டு விலகிவிடுகின்றன. வேலியிட்ட பண்ணையிலும், ஒரே ஒரு பொலிகுதிரை உள்ள கிராமத்திலும் அதற்கு வழியில்லை. மகளும் பேத்தியும் அதே பொலிகுதிரையிடமே கொண்டு வரப்படுகின்றன.

கணக்கு சொல்லும் உண்மை: 100 பெண் குதிரைகளுக்கு 4 பொலிகுதிரைகள் மட்டுமே உள்ள மந்தையை எடுத்துக்கொள்வோம். தலைகளை எண்ணினால் 104. மரபியல் கணக்கின்படியோ அது ஆணும் பெண்ணும் சமமாக உள்ள 15 விலங்குகளின் மந்தைக்கே ஈடு. ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கலப்பு 3 சதவீதத்துக்கு மேல் கூடும். பொலிகுதிரைகளை 20-ஆக உயர்த்தினால் அந்த மதிப்பு 66-ஐத் தாண்டும், உட்கலப்பு 0.75 சதவீதமாகக் குறையும். தலைமுறைக்கு ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வழிகாட்டுதல். அதாவது, பெண் குதிரை ஒன்றைக்கூடச் சேர்க்காமலே ஒரு மந்தையை ஆபத்திலிருந்து மீட்க முடியும்.

மணிப்பூரின் எச்சரிக்கை: இன்றைய போலோ விளையாட்டை ஆங்கிலேயர்கள் கற்றுக்கொண்டது மணிப்பூர் மட்டக் குதிரையின் மீதேறித்தான். 2003-இல் 1,898-ஆக இருந்த இந்த இனம், 2012-இல் 1,101-ஆகக் குறைந்தது. மேய்ச்சல் நிலமாக இருந்த சதுப்பு நிலங்கள் சுருங்கியதால், குதிரைகள் இம்பால் வீதிகளில் குப்பையைக் கிளறும் நிலை ஏற்பட்டது. இந்த இனத்தைக் காக்க மாநில அரசு 2016-இல் தனிக் கொள்கையே வகுத்தது. ஆயிரத்துச் சொச்சம் குதிரைகள் மட்டுமே எஞ்சிய இனத்தில் ஒவ்வொரு பொலிகுதிரையின் வம்சமும் மீட்க முடியாத சொத்து.

ராஜஸ்தானின் மார்வாரி இனத்தின் நிலை சற்று ஆறுதல் தருகிறது. மன்னராட்சி முடிந்தபின் ஆதரவிழந்து தவித்த இனம் அது. எனினும், 2005-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, அந்த இனத்தில் மரபணு வேறுபாடு இன்னும் கணிசமாக இருப்பதாகக் கண்டறிந்தது. உள்ளதைச் சிதறவிடாமல் காப்பதே அங்கு தேவை.

இருமுனைக் கத்தி: பிகானீரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில், 2023-இல் கருமாற்று முறையில் மார்வாரிக் குட்டி ஒன்று பிறந்தது. 'ராஜ் பிரதமா' எனப் பெயரிடப்பட்ட அதுவே நாட்டில் இம்முறையில் பிறந்த முதல் மார்வாரிக் குட்டி. உறைநிலையில் காக்கப்படும் விந்தணுவால், தொலைவிலுள்ள பொலிகுதிரையின் வம்சத்தையும் வேறொரு மாவட்டத்தில் பெருக்கலாம். இறந்துபோன குதிரையின் மரபையும் மீட்கலாம்.

ஆனால், இதே தொழில்நுட்பம் ஆபத்தாகவும் முடியலாம். கண்காட்சியில் பரிசு வென்ற ஒரே பொலிகுதிரையின் விந்தணுவை அனைவரும் நாடினால், ஒரு கிராமத்தில் நடந்த உட்கலப்பு மாநிலம் முழுவதும் பரவிவிடும். மானியமும் அதற்கே துணைபோகும்.

தடுக்கும் வழிகள் எளியவை. குதிரைகளின் வம்சாவளியைப் பதிவு செய்து, மரபணுச் சோதனையால் உறுதிப்படுத்த வேண்டும். ஒரு பொலிகுதிரையின் வாரிசுகளுக்கு உச்சவரம்பு வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மகள்கள் பருவமடையும் முன்னரே, கிராமங்களுக்கிடையே பொலிகுதிரைகளை மாற்ற வேண்டும். ஒவ்வொரு பொலிகுதிரைக்கும் வாரிசாக ஓர் ஆண் குட்டியையேனும் விற்காமலும் காயடிக்காமலும் வைத்திருக்க வேண்டும். இதனால் வருவாய் இழக்கும் வளர்ப்போருக்கு ஈடு செய்வதே மானியத்தின் முதல் கடமை.

இத்தகைய திட்டங்கள் குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போது, ஒதுக்கிய தொகையும் தொடங்கிய பண்ணைகளின் எண்ணிக்கையும் பதிலாக வருவது வழக்கம். பிறந்த குட்டிகளின் தந்தைகள் எத்தனை என்ற துணைக் கேள்வியையும் உறுப்பினர்கள் எழுப்பினால், திட்டம் காப்பது இனத்தையா, வெறும் எண்ணிக்கையையா என்பது அவைக்குத் தெரிந்துவிடும்.