கைத்தொலைபேசியும் கார்த்திகை மழையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். குளங்களிற் பலவும் கோடையில் வெடித்துக் கிடக்கும். கிணறே நமக்குக் கதி. அக்கிணற்றை நிரப்புவது, பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிற் பெய்கின்ற மழையே. சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புக்களில் இறங்கித் தங்கும் அந்நீரைக்கொண்டே அடுத்த மாரி வரையும் குடிக்கிறோம், குளிக்கிறோம், தோட்டஞ் செய்கிறோம். ஆதலால், "நாளைக்கு மழை வருமா?" என்னும் கேள்வி நம்மவர்க்கு வெறும் பொழுதுபோக்குப் பேச்சன்று. பிடுங்கிய வெங்காயத்தைத் தறையில் விரித்திருக்கும் கமக்காரனும், அவித்த நெல்லை முற்றத்திற் காயவிட்டிருக்கும் தாயும், மயிலிட்டியிலிருந்து வள்ளம் இறக்கும் கடற்றொழிலாளியும், குறிகட்டுவானிலே நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கும் ஆசிரியையும் கேட்கின்ற கேள்வி அதுவே.

இக்கேள்விக்கு முன்பு விடை சொன்னவர் பலர். பஞ்சாங்கம் சொல்லிற்று, சோளகமென்றும் வாடையென்றும் கொண்டலென்றும் காற்றைப் பெயரிட்டழைத்த கடலோடிகள் சொன்னார்கள், பின்னர் வானொலி சொல்லிற்று. இன்று அந்த வேலையைக் கைத்தொலைபேசியிலுள்ள வானிலைச் செயலி ஏற்றுக்கொண்டிருக்கின்றது. ஆனால், செயலியோ ஒன்றல்ல. ஒன்று வெயில் என்கிறது. மற்றொன்று இடியுடன் மழை என்கிறது. இவற்றுள் எதனை நம்புவது, எவ்வளவு நம்புவது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

செயலிக்குள் இருப்பது என்ன?

செயலி வானத்தைப் பார்ப்பதில்லை. பிறர் பார்த்ததையும் கணித்ததையும் நமக்கு எடுத்துக் காட்டுவதே அதன் தொழில். உலகெங்கும் வானிலை நிலையங்கள், கப்பல்கள், விமானங்கள், செய்மதிகள், வானிற் பறக்கவிடப்படும் பலூன்கள் ஆகியவை தரும் அளவீடுகளைத் திரட்டி, மாபெருங் கணினிகள் காற்றின் இயக்கத்தைச் சமன்பாடுகளாற் கணிக்கின்றன. முக்கியமான கணிப்புக்கள் நம் நேரப்படி காலை 5.30 மணியையும் மாலை 5.30 மணியையும் தொடக்கமாகக் கொண்டு நடைபெறுகின்றன. அவற்றின் முடிவு நம் கைக்கு வந்துசேரச் சில மணி நேரம் செல்லும். ஆகவே, காலையில் எழுந்தவுடன் நாம் காணும் செய்தி பெரும்பாலும் முதல்நாள் மாலையின் நிலையை வைத்துக் கணித்ததேயாகும்.

இத்தகைய கணிப்புக்களுட் பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று, 1975இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலைக் கணிப்பு மையத்தினுடையது. மற்றது, அமெரிக்க அரசாங்கத்தின் உலகக் கணிப்பு முறை. கடைகளில் நூறு பெயர்களில் விற்கும் தேயிலை இரண்டு மூன்று தோட்டங்களிலிருந்தே வருவது போல, எத்தனையோ பெயர்களில் உலாவும் செயலிகள் பலவும் இவற்றையும் இவை போன்ற வேறு சிலவற்றையுமே ஆதாரமாகக் கொண்டவை. இதனால் விளையும் ஓர் உண்மையை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். இரண்டு செயலிகள் ஒரே பேச்சைச் சொன்னால், இரு சாட்சிகள் ஒத்துச் சொன்னார்கள் என்பதற்கில்லை. ஒரே சாட்சி இருமுறை சொல்லியிருக்கவுங் கூடும். எனவே, தன் ஆதாரம் யாது என்பதை வெளிப்படையாகச் சொல்லும் செயலியே முதல் தகுதி உடையது. 'விண்டி' என்னும் செயலி ஐரோப்பியக் கணிப்பையும் அமெரிக்கக் கணிப்பையும் தனித்தனியே காட்டி ஒப்பிட இடமளிக்கின்றது. இரண்டும் ஒத்திருந்தால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் முடிவை ஒத்திவைத்து மறுநாளும் பார்க்கலாம்.

குடாநாட்டின் சதுரங்கள்

கணினி நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்தே கணிக்கின்றது. ஐரோப்பியக் கணிப்பின் சதுரம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர் அகலமுடையது. அமெரிக்கக் கணிப்பின் சதுரம் ஏறக்குறைய 13 கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பளவு தீவுகளும் சேர்ந்து சுமார் 1,000 சதுர கிலோமீற்றர். பெருக்கிப் பார்த்தால், நம் மாவட்டம் முழுவதும் ஒன்றிலே பன்னிரண்டு பதின்மூன்று சதுரங்களுக்குள்ளும், மற்றதிலே ஆறு சதுரங்களுக்குள்ளும் அடங்கிவிடும். அவ்வாறாயின், கோப்பாயிற் பெய்து மானிப்பாயிற் பெய்யாத மழையை அக்கணிப்பு எங்ஙனம் பிரித்துச் சொல்லும்?

சித்திரையிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் பிற்பகலிற் கறுத்து இடித்துப் பெய்யும் மழை இவ்வினத்தது. அது ஓரூரில் எழுந்து ஓரூரிலேயே ஓய்ந்துவிடும். "இன்று பிற்பகல் இடிமழைக்கு இடமுண்டு" என்ற அளவிலே செயலியின் பேச்சை ஏற்கலாம், "3.20க்குத் தொடங்கும்" என்று அது சொன்னால் புன்னகை செய்துவிட்டுக் குடையை எடுத்துக்கொள்வதே அறிவு. ஆனால், வங்காள விரிகுடாவிலே உருவாகும் தாழமுக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரந்தது. கணிப்பின் கண்ணுக்கு நன்கு தெரிவது. கார்த்திகைப் பெருமழையைச் சில நாட்களுக்கு முன்னரே அறிய முடிவது அதனாலேயே.

எத்தனை நாள் முன்னர் என்று கேட்கலாம். மூன்று நாட்களுக்குட்பட்டதைப் பெரிதும் நம்பலாம். ஐந்தாம் நாள் வரையிலானதைக் கருத்திற் கொள்ளலாம். பத்தாம் நாளைப் பற்றியதை ஒரு குறிப்பாக மட்டும் கொள்ளலாம். சில செயலிகள் நாற்பத்தைந்து நாளுக்கும் தொண்ணூறு நாளுக்கும் தினந்தோறும் வெயில், மழை எனப் படம் போட்டுக் காட்டுகின்றன. காற்றின் தொடக்கநிலையில் உள்ள மிகச் சிறு வேறுபாடும் நாட் செல்லச் செல்லப் பெருகி முடிவையே மாற்றிவிடும் என்பதை எட்வர்ட் லோரென்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1963இல் விளக்கினார். இரண்டு வாரங்களுக்கு அப்பால் இன்ன நாளில் இன்ன மழை என்பது, செயலி சொன்னாலும், நம்பத்தக்க கணிப்பன்று. அதை நம்பிக் கலியாணப் பந்தலின் கூரையைக் குறைப்பவர்கள் நனையவே நேரும்.

எண்களைப் படிக்கும் முறை

"மழை 60 வீதம்" என்றால் என்ன? நாளின் 60 வீத நேரம் பெய்யும் என்பதன்று. ஊரின் 60 வீதம் நனையும் என்பதுமன்று. இத்தகைய பத்து நாட்கள் வந்தால் அவற்றுள் ஏறத்தாழ ஆறு நாட்களில் நாமிருக்கும் இடத்தில் மழை விழும் என்பதே அதன் கருத்து. ஆகவே, 60 வீதம் என்று சொல்லி ஒருநாள் பெய்யாமற் போனதற்காகச் செயலியைப் பொய்யனென்று தள்ளுதல் முறையன்று.

வீதத்தினும் முக்கியமானது மில்லிமீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் நீர். நம்மூர் அளவிலே ஒரு பரப்புக் காணி சுமார் 253 சதுர மீற்றர். எனவே, 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பரப்புத் தோட்டத்திற்கு 2,500 லீற்றருக்கு மேற்பட்ட நீர் கிடைத்ததாகும். அன்றைக்கு இறைப்பு வேண்டுமா வேண்டாமா என்பதை இக்கணக்கைக் கொண்டே தீர்மானிக்கலாம்.

கடலுக்குப் போவோர் காற்றின் அலகைக் கவனித்தல் வேண்டும். ஒரு செயலி மணிக்குக் கிலோமீற்றரிலும், இன்னொன்று நொட் கணக்கிலும், வேறொன்று வினாடிக்கு மீற்றரிலும் சொல்லும். வினாடிக்கு 10 மீற்றர் என்பது மணிக்கு 36 கிலோமீற்றர். 20 நொட் என்பது மணிக்கு 37 கிலோமீற்றர். "காற்றுப் பத்துத்தான்" என்று எண்ணி அலகைப் பாராமல் வள்ளம் இறக்கினவனுக்கு அந்தப் பத்தே கூற்றாகலாம்.

வீட்டிலே ஒரு பரீட்சை

எந்தச் செயலி நல்லது என்பதைப் பிறர் புகழ்ச்சியாலன்றி நாமே பரீட்சித்து அறியலாம். மாணவர்களுக்கு இது தக்க பயிற்சியுமாகும். மூன்று செயலிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் நம்மூர் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று முதலிற் பார்க்க வேண்டும். நெடுந்தீவில் இருப்பவர் யாழ்ப்பாண நகரின் காற்றைப் பார்த்துப் பயனில்லை. பின்பு, நாடோறும் மாலை ஒரே நேரத்தில், மூன்றும் மறுநாளைக்கு என்ன சொல்கின்றன என்று கொப்பியில் எழுதவேண்டும். மறுநாள் உண்மையில் நடந்ததை அருகில் எழுதவேண்டும். பக்கம் நேராயுள்ள ஒரு தகரப் பேணியை மரநிழலும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்தால், அதில் நின்ற நீரை அடிமட்டத்தால் அளந்து மில்லிமீற்றர் கணக்கையும் அறியலாம்.

இப்பரீட்சையை ஆனி, ஆடியில் வைத்தல் ஆகாது. மழை அரிதாகிய அக்காலத்தில் "மழையில்லை" என்று கிளிப்பிள்ளையைப் போற் சொல்லும் செயலியும் நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையே உரைகல். முப்பது நாளிற் பன்னிரண்டு நாள் மழை பெய்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செயலி அவற்றுள் ஒன்பது நாட்களை முன்சொல்லி, நான்கு நாள் வீணாக மழை கூறியிருந்தால் அது நல்ல வேலைக்காரன். நாள் முழுவதும் மழை, எந்நாளும் மழை என்று கூறிய செயலி பன்னிரண்டையும் சொல்லியிருக்கும். ஆனால், பதினெட்டு நாள் நம்மை ஏய்த்திருக்கும். சொன்னதையும் பார்க்க வேண்டும். சொல்லாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். வீணாகச் சொன்னதையும் பார்க்க வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பதன் விலையையும் நோக்குதல் நன்று. நாம் எங்கே நிற்கின்றோம் என்பதை எந்நேரமும் அறிய அனுமதி கேட்கும் செயலிகள் உள. 'வெதர் சனல்' செயலி அவ்விடக்குறிப்பைப் பயன்படுத்திய முறை குறித்து, லொஸ் ஏஞ்சலிஸ் நகரச் சட்டத்தரணி 2019 ஜனவரியில் வழக்குத் தொடுத்தார். 2020இல் அது இணக்கமாக முடிந்தது. ஊரின் பெயரை நாமே எழுதிக்கொடுத்தால் மழைச் செய்தி வந்துவிடும். நம் நடமாட்டம் முழுவதையும் கொடுக்கவேண்டியதில்லை.

புயல் வரும்போது

இதுகாறும் சொன்னவை சாதாரண நாட்களுக்கு. புயல் நாளின் நீதி வேறு. 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்த புயல் தனுஷ்கோடியை அழித்ததை நம் முதியோர் மறந்திலர். 2008 நவம்பரில், நிஷாப் புயல் உருவாகி வந்த வேளை, ஒரே நாளில் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் மழை கொட்டிற்று. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் மூன்றிலொரு பங்குக்கு அது சமீபம். 2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி, காற்றில் வலிய புயலன்று. ஆனால், மன்னார் வளைகுடாவை அடைந்தபின் நகராமல் நின்றது. மையம் அப்பாற் சென்றும் மழை நம்மை விடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவினால் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். புயலின் மையம் செல்லும் கோட்டை மட்டும் படத்திற் பார்த்து "நமக்கு ஒன்றுமில்லை" என்று இருந்துவிடுதல் பெருந் தவறு என்பதை இவை உணர்த்துகின்றன.

அத்தகைய நாளிற் செயலியின் படத்தை விட்டு, பொறுப்புடையோர் சொல்லைக் கேட்க வேண்டும். கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் அறிவித்தல் வெளியிடுகின்றது. கடற்பகுதிகளுக்குத் தனியாகவும் கூறுகின்றது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த கலாநிதி நாகமுத்து பிரதீபராஜா தமிழில் எழுதிவரும் விளக்கங்களும் நம் பகுதிக்கு உரியவை. மேலும், பாக்குநீரிணைக்கு அப்பால் காரைக்காலில் உள்ள இந்திய வானிலைத் துறையின் ராடார் பருத்தித்துறையிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தூரத்திலேயே இருக்கின்றது. மழைமேகம் நம்மை நோக்கி வருவதை அதன் இணையத்தளப் படத்திற் கண்கூடாகக் காணலாம். அது ஊகமன்று, அந்நேரத்துக் காட்சி.

ஆக, ஆதாரத்தை வெளிப்படையாய்ச் சொல்வதும், மில்லிமீற்றரையும் காற்றின் அலகையும் தெளிவாய்க் காட்டுவதும், கார்த்திகைப் பரீட்சையில் தேறுவதும், நம் நடமாட்டத்தை வேண்டாததுமாகிய செயலியே நல்ல செயலி. மின்சாரமும் தொடர்பும் அறுந்த இரவில் அதுவும் வாய்மூடிவிடும் என்பதால், மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்றும் மாரிக்கு முன்னர் வீட்டில் இருத்தல் வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் பிள்ளைகள் பேணியையும் கொப்பியையும் ஆயத்தஞ் செய்யட்டும்.