அலமாரிக்குள் ஒரு பகல்

அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உரிய விளக்காக 1938-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஒளிர்குழல் விளக்கு, அதாவது தமிழகத்தில் டியூப் லைட் என்று வழங்கும் விளக்கு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நாட்டு வீடுகளின் நிலவறைகளில் செடி வளர்க்கும் விளக்காகவும் ஆகிவிட்டது. குளிர்காலப் பகல் ஒன்பது மணி நேரமாகச் சுருங்கி, வெளியே எல்லாம் பனி மூடிக் கிடக்கும் வட மாநிலங்களில் வாழ்ந்தவர்கள், பழைய புத்தக அலமாரியிலோ ஒட்டுப்பலகையில் தாமே அடித்த பெட்டியிலோ இரண்டு அல்லது நான்கு குழல்களைப் பொருத்தி, அவற்றின் கீழே ஆப்பிரிக்க வயலட் என்னும் சிறு பூச்செடியை ஆண்டு முழுவதும் பூக்கச் செய்தனர். அந்தச் செடியின் ஆர்வலர்களுக்கென்றே 1946-இல் அங்கே ஒரு சங்கம் உருவாகியிருந்தது.

அந்தச் செடி இவ்வளவு பொருந்திப்போனதற்குத் தக்க காரணம் உண்டு. இன்றைய தான்சானியாவின் உசம்பாரா மலைகளுக்கு உரிய அதனை, அப்பகுதி ஜெர்மானியக் குடியேற்றமாக இருந்த 1892-இல் வால்ட்டர் ஃபான் செயின்ட் பால் என்னும் அதிகாரி கண்டு ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரால் செயின்ட்பாலியா என்று அழைக்கப்பட்ட பேரினம், மரபணு ஒப்பீடுகளின் அடிப்படையில் 2015 முதல் ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்னும் பெரிய பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டுள்ளது. காட்டு மரங்களின் நிழலில், பாசி படர்ந்த பாறை இடுக்குகளில் வேர்பிடித்து வாழும் அதற்கு வடிகட்டப்பட்ட மிதமான ஒளியும், பெரிதாக ஏறி இறங்காத வெப்பநிலையும், ஈரமான காற்றும் போதும். இம்மூன்றையும் ஓர் அலமாரிக்குள் மனிதரால் அமைத்துத் தர முடியும். திறந்த வெயிலை நம்பி வாழும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அது எளிதன்று.

எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம் என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. நடுப்பகல் வெயிலின் ஒளிர்வு சுமார் 1,00,000 லக்ஸ். இரவில் விளக்கேற்றிய வரவேற்பறையின் ஒளிர்வு 200 லக்ஸ் அளவில் இருக்கும். இவற்றுக்கு இடையே ஐந்நூறு மடங்கு வேறுபாடு இருந்தும், கண்ணின் பாவையும் விழித்திரையும் தம்மைச் சரிசெய்துகொள்வதால் அறை நல்ல வெளிச்சமாகவே தோன்றுகிறது. இலையோ தன்மீது விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையை ஒட்டியே சர்க்கரை செய்கிறது. ஆகையால் தாவர அறிவியலாளர்கள் லக்ஸை விடுத்து, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்களை மைக்ரோமோல் என்னும் அலகில் எண்ணுகின்றனர். முழு வெயிலில் ஒரு சதுர மீட்டர்மீது ஒரு விநாடியில் ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் விழுகிறது. குழல்விளக்கின் வெண்ணொளியாயின் லக்ஸ் அளவை 74-ஆல் வகுத்து இதே அலகுக்கு மாற்றலாம். அந்தக் கணக்கின்படி வரவேற்பறை மேசையில் கிடைப்பது மூன்று மைக்ரோமோலுக்கும் குறைவு. நிழல்விரும்பிச் செடிகள்கூட, சுவாசத்தில் செலவாகும் சர்க்கரையை ஈடுசெய்வதற்கே அதைவிடக் கூடுதலான ஒளியைக் கேட்பதால், அவ்விடத்தில் வைத்த செடி மெதுவாகப் பட்டினி கிடக்கிறது என்பதே உண்மை.

அலமாரியின் கணக்கு இங்கே தொடங்குகிறது. உட்புறம் 1.25 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தட்டுக்கு மேலே, நான்கடி நீளமுள்ள 36 வாட் குழல்கள் நான்கு இருப்பதாகக் கொண்டால், குழலுக்கு 3350 லூமென் வீதம் மொத்தம் 13,400 லூமென் ஒளி கிடைக்கும். லூமென் என்பது விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. அதில் பத்தில் ஆறு பங்கு செடிகளை அடைந்தால் தட்டின் மீது 13,000 லக்ஸுக்குச் சற்றே குறைவான ஒளிர்வும், அதாவது சுமார் 175 மைக்ரோமோலும் கிட்டும். வெயிலோடு ஒப்பிட்டால் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் வெயில் காலையில் ஏறி மாலையில் இறங்குவது, மேகத்தில் மறைவது. விளக்கோ ஏற்றிய கணம் முதல் அணைக்கும் வரை ஒரே அளவில் எரிவது. மழைமானியில் ஒரு நாளின் மழையைச் சேர்த்து அளப்பதைப்போல ஒரு நாளில் இலைமீது விழுந்த ஒளியையும் கூட்டிப் பார்க்கும் முறை உண்டு. பதினாறு மணி நேரம் எரியும் இந்த அலமாரியில் அந்தக் கூட்டுத்தொகை சதுர மீட்டருக்கு 10 மோல். ஆப்பிரிக்க வயலட்டுக்கு 6 மோல் அளவே போதுமாகையால் அதற்கு விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரித்தால் நிறைவு. கீரைகளும் நாற்றுகளும் 10 மோலில் நன்றாகவே வளரும். இலைக்கோசு 12 முதல் 17 மோல் வரை கேட்கும். தக்காளி காய்க்க இந்த 10 மோலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும் என்பதால் இந்த அலமாரியில் அதன் நாற்றை வளர்க்கலாமே தவிரக் காயை எதிர்பார்க்கலாகாது.

மேலே சொன்ன பத்தில் ஆறு என்னும் பங்கு தானாகக் கிடைத்துவிடுவதன்று, தச்சுவேலையைப் பொறுத்தது. உட்சுவர்களில் பளபளப்பற்ற தூய வெள்ளைப் பெயின்ட் பூசுவது மிகச் சிறந்த வழி. பலரும் அலுமினியத் தாளை ஒட்டுகின்றனர். அதன் சுருக்கங்கள் ஒளியை ஓரிடத்தில் குவித்து வேறோரிடத்தில் குறைப்பதால் அந்த உழைப்புக்கு ஏற்ற பயன் இல்லை. குழலின் இரு முனைகளிலும் ஒளி குறைவு என்பதால் நடுவில் இருக்கும் தொட்டிகளையும் ஓரத்தில் இருப்பவற்றையும் வாரம் ஒருமுறை இடம் மாற்றி வைக்க வேண்டும். குழல்களைச் சங்கிலியில் தொங்கவிட்டால், செடி வளர வளர உயர்த்தி, இலைக்கும் குழலுக்கும் இடையே நாற்றாயின் பதினைந்து சென்டிமீட்டரும் வயலட்டாயின் இருபத்தைந்து முதல் முப்பது சென்டிமீட்டரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.

குழலின் உள்ளே குறைந்த அழுத்தத்தில் இருக்கும் பாதரச ஆவி, மின்சாரம் பாயும்போது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரை வெளியிடுகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் பூசிய ஒளிர்பொடி அக்கதிரை உறிஞ்சிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. ஒளியின் நிறத்தைத் தீர்மானிப்பது அந்தப் பொடியே. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக உறிஞ்சுகிறது என்னும் பாடநூல் செய்தியை வைத்து, அவ்விரு நிறங்கள் ஓங்கிய, ஊதா கலந்த இளஞ்சிவப்பாகத் தோன்றும் தனிக் குழல்கள் 1960-களில் விற்பனைக்கு வந்தன. விலை மிகுந்த அவற்றை வாங்கியாக வேண்டும் என்னும் எண்ணம் இன்றும் பரவலாக இருப்பது வருந்தத்தக்கது. பல பயிர்களின் இலைகளை ஒவ்வோர் அலைநீளத்திலும் சோதித்து கீத் மெக்ரீ 1972-இல் வெளியிட்ட அளவீடுகள், பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குக் கணிசமாக உதவுகிறது என்பதை நிறுவின. தனித்துப் பிரித்தெடுத்த பச்சையக் கரைசல் பச்சை ஒளியைக் கடத்திவிடுகிறது, ஆனால் முழு இலைக்குள் அந்த ஒளி செல்களுக்கிடையே பலமுறை சிதறிப் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆகவே கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண வெண்குழலே செடிக்குப் போதும்.

வெண்குழலில் ஏறத்தாழ இல்லாத ஒன்று தூரச்சிவப்பு, அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் எல்லையில் 730 நானோமீட்டரை ஒட்டிய கதிர். மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் நகரிலிருந்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் 1952-இல் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு, இலைக்கோசு விதைகள் சிவப்பொளி பட்டால் முளைப்பதையும், உடனே தூரச்சிவப்பு பட்டால் முளைக்காமல் நின்றுவிடுவதையும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதுவே முடிவைத் தீர்மானிப்பதையும் கண்டறிந்தது. இதற்குப் பொறுப்பான நிறமி பின்னர் பைட்டோகுரோம் என்று பெயர் பெற்றது. மரநிழலில் சிவப்பை மேல் இலைகள் எடுத்துக்கொண்டுவிட, எஞ்சி வருவது தூரச்சிவப்பே. அதை உணரும் செடி, பக்கத்துச் செடியை முந்த வேண்டித் தண்டை நீட்டுகிறது. குழல்விளக்கின் ஒளியில் தூரச்சிவப்பு மிகக் குறைவாதலால் அதன்கீழ் வளரும் நாற்றுகள் கணுவிடை குறுகிக் கட்டுக்கோப்பாக வளர்கின்றன. நாற்று வளர்ப்போருக்கு இது பேறு. நீண்ட பகலில் மட்டுமே பூக்கும் சில செடிகளுக்கு இதுவே தடையாவதால், ஆய்வுக்கூடங்களின் வளர்ப்பறைகளில் குழல்களோடு பழைய இழை பல்புகள் சிலவற்றையும் சேர்த்து எரிப்பது வழக்கமாயிற்று.

வீட்டில் செய்யும் அலமாரிகள் பெரும்பாலும் தோற்பது ஒளியால் அன்று, வெப்பத்தால். நான்கு குழல்களுக்குள் பாயும் 144 வாட் மின்சாரத்தில் ஒரு பகுதி ஒளியாகி இலையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாகிறது, மீதி குழலிலேயே வெப்பமாகிறது. ஒளிச்சேர்க்கை சேமித்து வைப்பது கணக்கில் கொள்ள வேண்டாத சிறு பங்கு. எனவே உள்ளே செலுத்திய ஒவ்வொரு வாட்டும் வெளியேற்றப்பட்டாக வேண்டும். அலமாரியின் உள்வெப்பநிலை அறையைவிட ஐந்து டிகிரிக்கு மேல் உயராதிருக்க, காற்றின் அடர்த்தியையும் வெப்ப ஏற்புத்திறனையும் கொண்டு கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 86 கன மீட்டர் காற்று உள்ளே வந்து வெளியேற வேண்டும் என்று விடை கிடைக்கும். உயரம் எண்பது சென்டிமீட்டர் என்று கொண்டால் அலமாரியின் கொள்ளளவு அரை கன மீட்டர்தான். அப்படியானால் அதன் காற்று முழுவதும் நிமிடத்துக்கு மூன்று முறை அளவுக்கு மாற வேண்டும். இந்த எண்ணைப் பார்க்கும்போதுதான், கதவில் துளைக்கும் நான்கைந்து ஓட்டைகள் எவ்வளவு போதாதவை என்பது விளங்கும். கணினிக்குள் பொருத்தும் பன்னிரண்டு சென்டிமீட்டர் விசிறி ஒன்றின் பெயரளவுத் திறன் மணிக்கு நூறு கன மீட்டரை ஒட்டி இருந்தாலும், வலையும் குறுகிய வழியும் அதைக் குறைத்துவிடுவதால் இரண்டு விசிறிகள் பொருத்துவதே முறை. சூடான காற்று மேலெழுவதால் அவை மேற்புறத்தில் காற்றை வெளியே இழுக்க வேண்டும். காற்று உள்ளே வரும் திறப்பு அடிப்பகுதியில், விசிறிகளுக்கு எதிர்ப்பக்கத்தில் அமைய வேண்டும்.

செப்புச்சுருள் சோக் ஒவ்வொன்றும் தானே சுமார் ஒன்பது வாட்டை வெப்பமாக்குவதால் சோக்குகளை அலமாரிக்கு வெளியே, காற்றுப்படும் இடத்தில் வைத்தால் உள்ளே சுமை குறையும். வெப்பம் செடியை மட்டுமன்றி விளக்கையும் பாதிக்கிறது: பருமனான குழல்கள் சுற்றுவெப்பம் 25 டிகிரி அளவில் இருக்கும்போது மிகுந்த ஒளி தருகின்றன, அதற்கு மேல் ஒளி குறைகிறது; டி-5 எனப்படும் மெல்லிய குழல்கள் 35 டிகிரியில் உச்ச ஒளி தருமாறு வடிவமைக்கப்பட்டவை என்பதால் மூடிய பெட்டிக்கு அவையே ஏற்றவை.

காற்றோட்டத்துக்கு வேறொரு தேவையும் உண்டு. லண்டன் மருத்துவரான நதானியேல் வார்டு 1830-களில் பரப்பிய, இறுக மூடிய கண்ணாடிப் பெட்டிகள் கடல்வழியே செடிகளை உயிரோடு கொண்டுசெல்ல உதவின. கொய்னாச் செடிகள் நீலகிரிக்கு 1860-களில் வந்ததும் அத்தகைய பெட்டிகளில்தான். அந்த முறையை நினைத்து விளக்கு அலமாரியையும் இறுக மூடுவது தவறு. வார்டின் பெட்டியில் செடி பயணக் காலத்தில் பிழைத்திருந்தால் போதும்; இங்கே அது நாள்தோறும் வளர வேண்டும். காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை, நல்ல ஒளியில் நெருக்கமாக நிற்கும் செடிகள் மூடிய பெட்டிக்குள் விரைவில் தீர்த்துவிடும். அதன் பிறகு எரியும் விளக்கு வெறும் மின்செலவு. இரவில் விளக்கு அணைந்ததும் வெப்பம் இறங்கி, இலைகளில் நீர் படிந்து பூஞ்சை பற்றுவதையும் தடுக்க வேண்டியிருப்பதால் ஒரு விசிறியாவது இரவிலும் ஓட வேண்டும். இலையை லேசாக அசைக்கும் காற்றால் தண்டும் உறுதிப்படுகிறது.

வயலட்டுக்கு நீரை மேலிருந்து ஊற்றலாகாது. இலையைவிடக் குளிர்ந்த நீர் பட்டால் அதன்மீது வெளிறிய தழும்புகள் விழும். தொட்டியின் அடித்துளை வழியே நைலான் திரி ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையைக் கீழே உள்ள நீர்க்கலத்தில் விட்டுவிட்டால் மண் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். நீரும் 230 வோல்ட் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் விளக்குச் சட்டத்துக்கு எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும். விளக்கை ஏற்றி அணைக்கும் வேலையை டைமரிடம் ஒப்படைத்துவிடலாம்.

தமிழகச் சமவெளியில் இந்த அலமாரியைச் செய்ய முனைவோர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். விசிறியால் உட்புறத்தை அறையின் வெப்பநிலைக்கு அருகே கொண்டுவர முடியுமே அன்றி, அதற்குக் கீழே இறக்க முடியாது. சித்திரை மாதத்தில் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது அலமாரி 40 டிகிரியாகும். வயலட் அதைத் தாங்காது. உதகையிலும் கொடைக்கானலிலும் இச்சிக்கல் இல்லை. திசு வளர்ப்பு முறையில் வாழைக் கன்று உற்பத்தி செய்யும் கூடங்கள் அடுக்கடுக்கான தட்டுகளில் குழல்விளக்குகளை நாள்தோறும் பதினாறு மணி நேரம் எரித்தாலும், அறையை 25 டிகிரி அளவில் வைக்கக் குளிர்சாதனத்தை நம்பியிருப்பது இதனால்தான். சமவெளி வீடுகளில் வெப்பம் தாங்கும் தண்டுக்கீரை, சிறுகீரை ஆகியவற்றைத் தேர்ந்துகொள்வது அறிவுடைமை.

குழல் எரிந்துகொண்டிருந்தாலும் அதன் ஒளி நாளடைவில் மங்கும். கண் இதை உணராது என்பதால் ஆண்டுக்கொரு முறை, நான்கையும் ஒரே நாளில் அன்றி, சில வார இடைவெளியில் ஒன்றொன்றாக மாற்றுவது நல்லது. கழித்த குழலுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் உள்ளது. அதை உடைக்காமல் அட்டையில் சுற்றி மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்; இந்தியாவின் மின்கழிவு விதிகள் பாதரச விளக்குகளையும் உள்ளடக்கியவை. இந்தப் பாதரசத்தின் பொருட்டே, மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, நேர்குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடித்துக்கொள்ள இசைந்தன. சோக்கின் இழப்பையும் சேர்த்தால் ஒரு ஜூல் மின்னாற்றலுக்குக் குழல்விளக்கு சுமார் 1 மைக்ரோமோல் ஒளி தருகிறது. செடிகளுக்கென்று செய்யப்படும் எல்.இ.டி. விளக்குகள் இரண்டரைக்கும் மேல் தருகின்றன. அதே ஒளியைப் பாதி மின்சாரத்துக்கும் குறைவாகப் பெறலாம் என்பதோடு வெளியேற்ற வேண்டிய வெப்பமும் அந்த அளவுக்குக் குறைவதால், பழைய அலமாரியின் சுவரும் விசிறியும் திரியும் அப்படியே இருக்க, குழல்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றும்போது 175 மைக்ரோமோலுக்குப் பழகிய செடிகள்மீது திடீரென்று இரு மடங்கு ஒளி விழுந்தால் இலைகள் வெளுத்துக் கருகுமாதலால், முதல் இரண்டு வாரங்களுக்குப் புதிய விளக்கைக் கூடுதல் உயரத்தில் தொங்கவிட்டுப் பிறகு சிறிது சிறிதாக இறக்க வேண்டும்.