முகம் கொடுத்துப் பேசுவோம்

ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மருமகளுக்குப் பிள்ளை பொறந்து நாற்பது கழிஞ்சும் முகத்துல சிரிப்பே இல்ல. புள்ள அழுதாலும் சும்மா பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கு. கண்ணேறா இருக்குமோ? ஏதாவது ஓதிக் கொடுங்க" என்றார். ஓதி துஆ செய்தேன். கூடவே, "நாளைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்" என்றேன். பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டுப் புள்ளைக்குப் பைத்தியமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. மனிதனுக்கு மனிதன் தேவை என்பதை நாம் அறிவோம். அந்தத் தேவை மூளைக்குள் எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அந்த மருமகளின் நிலையும் புரியும்.

குழந்தை தேடுவது முகத்தைத்தான்

1970களில் அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டிரானிக் எளிமையான ஒரு சோதனை செய்தார். ஒரு தாய் தன் கைக்குழந்தையைக் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லி வைத்தபடி, இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்தபடி இருக்கிறாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. பதில் தரவில்லை, அவ்வளவுதான்.

குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, சத்தம் கொடுக்கிறது. எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கடைசியில் அழுதுவிடுகிறது. தாய் மீண்டும் சிரித்துப் பேசத் தொடங்கியதும் குழந்தை மெல்லத் தேறுகிறது.

பேச்சு வராத வயதிலேயே குழந்தை பதிலை எதிர்பார்க்கிறது. அது ஒரு சத்தம் கொடுப்பதும், நாம் திரும்பிப் பார்ப்பதும், அது மறுபடி சிரிப்பதும் வெறும் விளையாட்டு அல்ல. ஒவ்வொரு முறையும் மூளையின் நரம்பு இணைப்புகள் வலுப்பெறுகின்றன.

இதைப் படிக்கும் தாய்மார்கள் பதற வேண்டாம். நல்ல உறவில் இருக்கும் தாயும் சேயும்கூட ஏறத்தாழ 30 சதவீத நேரம் மட்டுமே ஒருவருக்கொருவர் முழுமையாக இசைந்து இருக்கிறார்கள் என்றும் டிரானிக் கண்டார். மீதி நேரம் தவறவிடுவதும் மீண்டும் சேர்வதும்தான். அடுப்படி வேலையில் ஒரு முறை கவனிக்காமல் போனால் பாதகம் இல்லை. திரும்பி வந்து முகம் கொடுக்கிறோமா என்பதே முக்கியம்.

பதிலே கிடைக்காத பிள்ளைகள்

முகம் கொடுக்க யாருமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? ருமேனியா நாட்டில் அது நடந்தது. அதிபர் சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தார். வறுமையில் இருந்த குடும்பங்கள் வளர்க்க முடியாத பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டன. 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த விடுதிகளில் இருந்தார்கள். சாப்பாடும் படுக்கையும் இருந்த இடங்களில்கூட, ஒரு பிள்ளையைத் 'தன் பிள்ளை' என்று தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை.

2000ஆம் ஆண்டில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய ஆய்வாளர்கள் தலைநகர் புகாரெஸ்ட்டில் 136 பிள்ளைகளிடம் ஆய்வைத் தொடங்கினார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். விடுதியிலேயே வளர்ந்த பிள்ளைகளின் அறிவுத்திறனும் மூளையின் மின் செயல்பாடும் குறைந்திருந்தன. குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் முன்னேறினார்கள். மனச்சோர்வும் மனப்பதற்றமும் அவர்களிடம் குறைவாக இருந்தன. இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்கள் பலவற்றில் கூடுதலாகத் தேறினார்கள்.

சோறு உடம்பை வளர்க்கும். மூளை வளர இன்னொரு மனிதர் வேண்டும். அரபி மொழியில் கருவறைக்கு 'ரஹிம்' என்று பெயர், கருணைக்கு 'ரஹ்மத்' என்று பெயர். இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. மதரஸாவில் இலக்கணப் பாடமாகப் படித்த அந்தச் செய்தி, இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது.

பெரியவர்களுக்கும் இதுவே

இது குழந்தைகளோடு முடிவதில்லை. 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க ஆய்வாளர், திருமணமான 16 பெண்களை மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் படுக்க வைத்தார். காலில் லேசான மின்சார அதிர்ச்சி வரலாம் என்று எச்சரிக்கை தரப்பட்டது. தனியாக இருந்தபோது ஆபத்தை உணரும் மூளைப் பகுதிகள் பரபரப்பாக இயங்கின. கணவர் கையைப் பிடித்திருந்தபோது அந்தப் பரபரப்பு தணிந்தது. யாரோ ஒருவர் கையைப் பிடித்தபோதும் ஓரளவு பலன் இருந்தது. மணவாழ்க்கை இணக்கமாக இருந்த பெண்களுக்குப் பலன் அதிகம்.

துணை இருக்கிறது என்று தெரிந்தால் மூளை தன் காவலைக் கொஞ்சம் தளர்த்துகிறது. துணை இல்லாதவரின் மூளை எப்போதும் விழித்துக் காவல் காக்கிறது. கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் நீண்ட காலம் மிகுந்திருந்தால் தூக்கமும் நினைவாற்றலும் கெடும், மனமும் சோரும்.

கடல் கடந்த வாப்பாக்களுக்கு

நம் வீடுகளில் பலருக்கு வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். கையைப் பிடிக்க வழியில்லை. ஆனால் குரல் இருக்கிறது. 2010இல் அமெரிக்காவில் லெஸ்லி செல்ட்சர் குழுவினர் 7 முதல் 12 வயது வரையிலான 61 சிறுமிகளை அந்நியர் முன் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார்கள். பதற்றத்தோடு வெளியே வந்த சிறுமிகளில் சிலரைத் தாய் அணைத்துக்கொண்டார், சிலரிடம் தொலைபேசியில் பேசினார். இரு சாராருக்கும் பதற்றம் தணிந்தது. பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் ஹார்மோனும் உயர்ந்தது. பின்னர் 2012இல் எழுத்துச் செய்தி மட்டும் அனுப்பிப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இது தாய்க்கும் மகளுக்கும் நடந்த ஆய்வுதான். ஆனாலும் யோசிக்க வேண்டிய செய்தி. வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்புவதைவிட, வேலை முடிந்து ஐந்து நிமிடம் பிள்ளையிடம் பேசுங்கள். ஊரில் இருக்கும் வாப்பாக்களும் உம்மாமார்களும் பிள்ளை பேச வரும்போது செல்போனைக் கீழே வையுங்கள். நபி (ஸல்) அவர்கள் யாரிடமாவது பேசினால் முழு உடலோடு அவர் பக்கம் திரும்பிப் பேசுவார்கள் என்று படித்திருக்கிறோம். அந்த சுன்னத்துக்குச் செலவு எதுவும் இல்லை.

தாயின் முகமே வாடினால்

இப்போது அந்த மருமகளிடம் வருவோம். பிரசவத்துக்குப் பின் ஹார்மோன்கள் திடீரெனச் சரிகின்றன. முதல் சில நாட்களின் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் சோகம் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளைமேல் நாட்டமே இல்லாவிட்டால், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐந்தில் ஒருவர்!

அவள் வேண்டுமென்றே பிள்ளைக்கு முகம் கொடுக்காமல் இருக்கவில்லை. முகம் கொடுக்கும் சக்தியை நோய் பறித்திருக்கிறது. "ஈமான் குறைவு", "திமிர்" என்று பேசுவது அவளுடைய தனிமையைக் கூட்டும். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் அழுதழுது பார்வை இழந்தார்கள். அவர்களுக்கு ஈமான் குறைவு என்று யாராவது சொல்வோமா?

மாமியார் இரவில் ஒரு வேளை பிள்ளையை வாங்கிக்கொள்ளட்டும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், அறிவுரை வேண்டாம். மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மருந்துகள் உண்டு. தன்னையோ பிள்ளையையோ மாய்த்துவிடும் எண்ணம் வருகிறது என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

பெரியவரிடம் அன்று சுருக்கமாக இதைத்தான் சொன்னேன்: "பைத்தியம் இல்லை பாய். காய்ச்சல் வந்தால் ஓதியும் பார்க்கிறோம், மாத்திரையும் கொடுக்கிறோம். இதற்கும் அப்படியே செய்யுங்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் அந்தப் பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள்."