பெயில் அவுட்: வெளியே வந்தது எது?

ஒன்பதாம் வகுப்பின் ஆங்கிலக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, மறக்க முடியாத ஓர் இரவு. எங்கள் பள்ளி கடலோரக் கிராமத்தில் இருப்பதால் பாதிப் பேர் மழை, காற்று, படகு என்றுதான் எழுதுவார்கள். ஒரு மாணவியின் நோட்டில் இந்த வரி இருந்தது: "மை ஃபாதர் பெயில்ட் அவுட் த வாட்டர் ஆல் நைட்."

சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். "பெயில் என்றால் ஜாமீன். தண்ணீருக்கு எதற்கு ஜாமீன்?" என்று ஓரத்தில் எழுதி, ஒரு மதிப்பெண்ணையும் குறைத்தேன். நோட்டு திரும்பப் போனது. அவள் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண்தான் சொன்னாள்: "டீச்சர், அவ லைப்ரரி டிக்ஷனரியப் பாத்துத்தான் எழுதினா."

அந்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். படகுக்குள் சேர்ந்த தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றுவது என்ற பொருள் அச்சில் இருந்தது. இருபது வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன், அந்த வரியைப் படித்ததில்லை. அதற்குள் அவள் தன் நோட்டில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'த்ரூ' என்று மாற்றி எழுதியிருந்தாள். வகுப்பிலேயே என் தவறைச் சொல்லி மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் 'பெயில் அவுட்' என்ற இந்த ஒரே ஃப்ரேசல் வெர்பை எடுத்துக்கொண்டு இரண்டு பாடவேளை நடத்தினேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் ஒலிச் சிக்கல். நம் பிள்ளைகளுக்குப் 'பெயில்' என்றால் தேர்வில் தோற்பது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், பல பேர் ஒரே மாதிரிதான் சொல்லவும் செய்கிறோம். கிரிக்கெட் ஸ்டம்பின் மேல் இருக்கும் பெயில்ஸ் வேறு இருக்கிறது. ஆகவே கரும்பலகையில் பி, ஏ, ஐ, எல் என்று எழுத்துக் கூட்டி எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உதடுகளை ஒட்டிப் பிரித்தால் இந்தச் சொல். மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் தேர்வு முடிவு. ஐந்து நிமிடம் இதற்குப் போனாலும் பரவாயில்லை.

அடுத்து, பொருளை எழுதிப் போடாமல் நான்கு படங்கள் வரைந்தேன். எனக்கு வரையத் தெரியாது. கோட்டுச் சித்திரம் போதும். ஒரு படகு, ஒரு விமானம், ஒரு சிறைக்கதவு, கடனில் மூழ்கிய ஒரு கடை. நான்குக்கும் ஒரே கேள்வி: 'அவுட்' என்கிறோமே, வெளியே வந்தது எது?

படகில் வெளியே வந்தது தண்ணீர். வாளியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த 'பெயில்' இது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'பெயில் அவுட் த வாட்டர்' என்றும் சொல்லலாம், 'பெயில் அவுட் த போட்' என்றும் சொல்லலாம். இரண்டாவதில் படகு எங்கும் போவதில்லை, தண்ணீர்தான் போகிறது. "அப்போ கிணத்தை இறைச்சோம்னு சொல்ற மாதிரியா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். அதேதான். கிணற்றை இறைத்தால் கிணறா வெளியே வரும்? நானே யோசிக்காத ஒப்புமை.

விமானத்தில் வெளியே வந்தது ஆளே. விமானம் பழுதாகி இனிக் காப்பாற்ற முடியாது என்ற நிலையில், விமானி பாராசூட்டுடன் குதிப்பது. அட்லாண்டிக் பெருங்கடலை 1927இல் தனியாக, இடையில் நிற்காமல் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க், அதற்கு முன்பே 4 முறை இப்படிக் குதித்து உயிர் தப்பியவர். இப்படிப் பாராசூட்டால் பிழைத்தவர்களுக்காக 1922இல் 'கேட்டர்பில்லர் கிளப்' என்று ஓர் அமைப்பே தொடங்கினார்கள். பாராசூட் அப்போது பட்டுத் துணியில் செய்யப்பட்டது. அதனால் பட்டுப்புழு வடிவச் சின்னம். லிண்ட்பெர்க்கும் அதில் உறுப்பினர். இந்தத் தகவலைச் சொன்னபோது வகுப்பில் இருந்த அமைதி, இலக்கணம் நடத்தும்போது எனக்குக் கிடைப்பதில்லை.

2019இல் அபிநந்தன் செய்ததும் இதுவா என்று கேட்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'இஜெக்ட்' என்பதே பொருத்தம். அங்கே இருக்கையே ஆளைத் தூக்கி வெளியே எறிகிறது. இங்கே ஆள் தானாக வெளியே குதிக்கிறார். இந்தப் பொருளுக்குப் பிரிட்டிஷ் நூல்களில் பி, ஏ, எல், இ என்ற எழுத்துக்கூட்டலும் உண்டு. அதைத் தவறென்று அடித்துவிடாதீர்கள். நான் அடித்திருப்பேன்.

சிறைக்கதவு எளிது. ஜாமீன் தொகை கட்டி ஒருவரை வெளியே கொண்டுவருவது. 'ஹிஸ் பிரதர் பெயில்ட் ஹிம் அவுட்.' நமக்கெல்லாம் தெரிந்தது இது ஒன்றுதான், அதனால்தான் என் சிவப்பு மை அப்படி ஓடியது.

நான்காவது படம்தான் இன்று செய்தித்தாளில் அதிகம். 2008 அக்டோபரில் அமெரிக்க அரசு, நொடிந்துகொண்டிருந்த வங்கிகளுக்கு உதவ 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கும் சட்டம் கொண்டுவந்தது. பத்திரிகைகள் அதை 'பெயில்அவுட்' என்று ஒரே சொல்லாக்கி எழுதின. மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாக அதையே தேர்ந்தெடுத்தது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் இலங்கைக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் தந்தபோதும் ஆங்கில ஏடுகளில் இதே சொல். பெயர்ச்சொல்லாக வரும்போது சேர்த்து எழுத வேண்டும், வினையாக வரும்போது பிரித்து எழுத வேண்டும். இதில் பட்டதாரிகளே தடுமாறுகிறார்கள்.

பணம்தான் என்றில்லை, எந்த இக்கட்டிலிருந்தும் கைதூக்கிவிடுவதற்கும் இது பொருந்தும். 2024 செப்டம்பரில் சென்னையில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 144க்கு 6 விக்கெட் இழந்து நின்றது. அஷ்வின் 113, ஜடேஜா 86. 'அஷ்வின் அண்ட் ஜடேஜா பெயில்ட் இந்தியா அவுட்' என்று எழுதிப் போட்டேன். அன்று கடைசி பெஞ்சும் எழுதிக்கொண்டது.

இப்போது இலக்கணம். 'த பைலட் பெயில்ட் அவுட்' என்பதில் யாரை என்று கேட்டால் விடை இல்லை. எனவே அவரே தப்பினார். 'ஹிஸ் பிரதர் பெயில்ட் ஹிம் அவுட்' என்பதில் யாரை என்று கேட்டால் விடை வருகிறது. எனவே இவர் அவரைக் காப்பாற்றினார். செயப்படுபொருள் இல்லையென்றால் தப்பித்தல், இருந்தால் மீட்டல். தண்ணீரும் படகும் வரும் இடம் தவிர மற்றதற்கெல்லாம் இந்த ஒரு கேள்வி போதும்.

செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் இடையிலும் வரலாம், 'அவுட்'டுக்குப் பிறகும் வரலாம். ஹிம், ஹெர், தெம் போன்ற பிரதிப்பெயராக இருந்தால் இடையில்தான் வர வேண்டும். 'பெயில்ட் அவுட் ஹிம்' என்பது பிழை. எதிலிருந்து என்று சொல்ல 'ஆஃப்' சேர்க்க வேண்டும்: 'பெயில்ட் அவுட் ஆஃப் த பிளேன்.' விமானத்துக்குப் பதில் ஒரு திட்டத்தையோ ஒப்பந்தத்தையோ போட்டால், பாதியில் கழன்றுகொண்டான் என்று சற்றுக் குறை சொல்லும் தொனி வந்துவிடும். பேச்சு வழக்கில் 'ஹி பெயில்ட் ஆன் அஸ்' என்றால் நம் காலை வாரிவிட்டான். ஓர் 'ஆன்' மாறியதில் கைதூக்கிவிட்டவன் காலை வாரியவன் ஆகிவிட்டான். நம்மிடமும் கைகொடு, கைவிடு என்று இல்லையா? அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

ஓர் எச்சரிக்கை. 'பெயில் அவுட் என்றால் காப்பாற்று' என்று மட்டும் எழுதிப்போட்டால், 'டாக்டர் நோயாளியை பெயில் அவுட் செய்தார்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நோயாளிக்கு 'சேவ்', கிணற்றில் விழுந்தவருக்கு 'ரெஸ்க்யூ'. சிக்கல், கடன், தோல்வி இவற்றிலிருந்து மீட்பதற்குத்தான் இந்தச் சொல்.

மறுநாள் அந்த மாணவி, ஒரு பக்கம் சாய்வாக வெட்டிய ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை எடுத்து வந்தாள். அவள் அப்பா படகில் தண்ணீர் மொள்ளுவது அதில்தான். மேசைமேல் வைத்துவிட்டு, அவளையே அந்த முதல் பொருளை நடத்தச் சொன்னேன். 'த்ரூ' என்று மாற்றியதை அழித்துவிட்டு, பழைய சொல்லை மறுபடி எழுதியிருந்தாள்.

வீட்டுப்பாடமாகச் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் கேட்டேன். சைக்கிள் ரிப்பேருக்குக் கொடுத்த காசைத் தொலைத்த ஒரு பையன், பாட்டி தந்து உதவியதை எழுதியிருந்தான். 'மீ' சரியாக நடுவில் இருந்தது, 'அவுட்' கடைசியில் இருந்தது. 'பெயில்' மட்டும் எஃப்பில் தொடங்கியது.