பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு!

நகத்துக்கு பாலிஷ் போட்டால் மேலே ஒரு பூச்சு ஏறும். காருக்கு பாலிஷ் போட்டால் ஏற்கெனவே இருக்கிற பூச்சு கொஞ்சம் குறையும். பேர் ஒன்றாக இருப்பதால் நம்மில் பல பேர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் கொள்கிறோம். கார் விஷயம் ஆண்கள் பாடு என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள் சகோதரிகளே. பணம் போவது நம் வீட்டு பீரோவிலிருந்துதானே!

சென்ற வருஷம் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். ஏழு வருஷம் ஓடிய சிவப்புக் கார். என் கணவர் அலுவலகத்தில் வாங்கிய கடனோடு, நான் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் அதில் இருக்கிறது. எங்கள் ஊர் தூத்துக்குடி. ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் உப்பளம். போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கார் நிற்பதோ தெருவில், வேப்ப மரத்தடியில். பானெட்டும் கூரையும் பளபளப்பு போய், சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டன. அவர் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினார். "செராமிக் கோட்டிங் போட்டுடலாம் சார், மூணு வருஷத்துக்குக் கவலையில்ல, 22 ஆயிரம்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஆசை. எனக்கோ அந்த 22 ஆயிரம், பெரியவளுக்கு ஜூன் மாதம் கட்ட வேண்டிய பள்ளிக்கூடப் பணம்.

என் கொழுந்தனார் ஒரு டிங்கரிங் பட்டறையில் பெயிண்டர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மதினி, முதல்ல பெயிண்ட் உயிரோட இருக்கான்னு பாக்கணும். எதைப் பூசுறதுங்கிறது அப்புறம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட கையோடு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து இடத்தில் மேல் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. "இதுக்கு மேல தங்கத்தையே பூசினாலும் நிக்காது. கூரையை மறுபடி பெயிண்ட் அடிக்கணும். கதவு, பானெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். 22 ஆயிரம் கேட்ட கடையில் ஒருவர்கூட கூரையை ஏறிட்டுப் பார்க்கவில்லை!

அவர் விளக்கியதை நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். இப்போதைய கார்களில் தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு வருவதும், வெயிலைத் தாங்குவதும் இந்தக் கடைசிப் பூச்சினால்தான். பெரும்பாலும் 40, 50 மைக்ரான் கனம்தான் இருக்குமாம். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரான். அப்படியென்றால் நம் தலைமுடி கனம்கூடத் தேறாது.

பாலிஷில் மிக நைசான அரைக்கும் பொடி இருக்கிறது. அது கீறலை அடைப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துச் சமமாக்குகிறது. வெள்ளி முலாம் பூசிய குங்குமச் சிமிழை நினைத்துக் கொள்ளுங்கள். தேய்த்தால் பளிச்சென்று இருக்கும். தேய்த்துக்கொண்டே இருந்தால் உள்ளேயிருக்கும் பித்தளை தெரியும். ரப்பிங் காம்பவுண்டு என்பது இன்னும் முரடு, மணல் போட்டுத் துலக்குகிற மாதிரி. மாதா மாதம் பாலிஷ் போடுகிறேன் என்று பெருமைப்படுகிறவர்கள் மாதா மாதம் பெயிண்டைக் கரைக்கிறார்கள். மங்கல் வந்தால் மட்டும் போட வேண்டியது அது. கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம்.

வாக்ஸ் அப்படியில்லை. பலாப்பழம் அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவுகிறோமே, அதுதான். பிசின் கையில் ஒட்டாது, எண்ணெய்தான் போகும். கார்னாபா என்று டப்பாவில் போட்டிருந்தால், பிரேசில் நாட்டு ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு. நம் வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம் நின்றால் அதிகம். சீலண்ட் என்பது அதே வேலையைச் செய்யும் ரசாயனப் பூச்சு. நாலைந்து மாதம் வரும். வாக்ஸில்தான் பளபளப்பு அதிகம் என்பார்கள், என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெருவில் நிற்கிற காருக்கு சீலண்டே லாபம்.

செராமிக் கோட்டிங் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். நான்-ஸ்டிக் தோசைக்கல் போல அழுக்கு ஒட்டாமல் வருஷக்கணக்கில் நிற்கும். புதுக் கார், கறுப்பு மாதிரி அடர்ந்த நிறம், ரொம்ப நாள் வைத்திருக்கப் போகிறோம் என்றால் யோசிக்கலாம். ஆனால் லாரி டயரில் தெறிக்கும் கல்லை அது தடுக்காது. அதைப் பூசும் முன் மிஷின் பாலிஷ் போட்டு ஒரு சுற்று தேய்ப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கார் வாங்கும்போது பில்லில் 'பெயிண்ட் புரொடெக்‌ஷன்' என்று ஒரு தொகை சேர்ப்பார்கள். அது வாக்ஸா, சீலண்டா, செராமிக்கா? எத்தனை மாதம்? கியாரண்டிக்கு வருஷா வருஷம் பணம் கட்டி சர்வீசுக்கு வரச் சொல்வார்களா? இவ்வளவையும் கேட்டு எழுதி வாங்கிய பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.

எங்களுக்கு ஆனது: கூரைக்குப் பெயிண்ட் 4,500 ரூபாய், சீலண்ட் பாட்டில் 650. மற்ற இடங்களுக்குக் கொழுந்தனாரே மிருதுவான பாலிஷ் ஒரே ஒரு தடவை போட்டார், மதியச் சாப்பாடு கூலி! புதுப் பெயிண்ட் நன்றாக இறுகும் வரை இரண்டு மாதம் கூரைக்கு எதுவும் பூசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார்.

சீலண்ட் பூசுவது இப்போது என் வேலை. காரைக் கழுவி, ஈரம் போக்கி, நிழலில் தகரம் சூடாறிய பிறகு ஒவ்வொரு பாகமாக மெல்லிசாகத் தடவி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுக்கிறேன். அள்ளிப் பூசினால் துடைக்கத்தான் கை வலிக்கும், கூடுதல் நாள் நிற்காது. கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து போகும், பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் சேப்ப இலையில் ஊற்றின மாதிரி முத்து முத்தாக உருண்டால் பூச்சு இருக்கிறது. பரந்து படிந்து நின்றால் போய்விட்டது.

பாத்திரம் விளக்கும் சோப்புத் தண்ணீரில் காரைக் கழுவாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற சோப்பு வாக்ஸையும் எடுத்துவிடும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் ஒரு நாள் மினுக்கும், மறுநாள் தெருப் புழுதியெல்லாம் அதில்தான். உப்புத் தண்ணீரில் கழுவினால் காய விடாமல் துடைக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளை வட்டம் விழும். காக்கா எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத் துணியை ஐந்து நிமிஷம் மேலே போட்டு ஊற வைத்து எடுங்கள். வெயிலில் ஒரு நாள் கிடந்தால் அது பெயிண்டையே அரித்துவிடும், அப்புறம் எந்த வாக்ஸும் உதவாது. காலையில் எழுந்ததும் காய்ந்த துணியால் புழுதியைத் தட்டுவது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரிகிற கோடுகள் அதனால் வருவதுதான். எங்கள் வீட்டில் அந்தத் துணியை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

- ஓர் இல்லத்தரசி, தூத்துக்குடி