வயற்காட்டுப் பாட்டு வானொலிக்கு வந்த கதை



தாலாட்டு, தெம்மாங்கு, நடவுப் பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை நாட்டுப்புறப் பாடல்கள் என்கிறோம். இவை ஏட்டில் எழுதிப் பாடியவை அல்ல. வேலையோடும் வாழ்வோடும் பிறந்தவை. இவை வானொலிக்கு வந்தது எப்படி என்று இன்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1960களில் உழவர்களுக்கான ஒலிபரப்பு அங்கே வலுப்பெற்றது. அப்போது ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைப் பற்றி வானொலி இடைவிடாமல் எடுத்துச் சொன்னது. தஞ்சை உழவர்கள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

விதையும் உரமும் மட்டும் பேசினால் கேட்பவர் எத்தனை பேர்? ஆகவே, கிராமத்தாருக்கான நிகழ்ச்சிகளில் கிராமத்துப் பாட்டுக்கும் இடம் கிடைத்தது. சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி அகில இந்திய வானொலியில் பாடித்தான் பெயர் பெற்றார். 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் அவர் நடித்தது அதற்குப் பின்னர்தான்.

அமெரிக்காவிலும் இப்படியே நடந்தது. நாஷ்வில் நகரில் ஒரு காப்புறுதி நிறுவனம் வானொலி நிலையம் நடத்தியது. 1925 நவம்பர் 28ஆம் நாள், எழுபது வயதைக் கடந்த ஜிம்மி தாம்சன் அங்கே கிராமத்துப் பிடில் வாசித்தார். அந்நிகழ்ச்சிக்கு 1927இல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயரிட்டார்கள். அது இன்றும் நடைபெறுகிறது. அங்கே காப்புறுதி விற்கவும், இங்கே நெல் பரப்பவும் பாட்டு துணைக்கு வந்தது. கடைசியில் துணைக்கு வந்த பாட்டே நிலைத்து நின்றது.

ஒன்றை மறக்கக்கூடாது. வயலில் பாட்டுக்கு நேரக் கணக்கு இல்லை. ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நிலையத்திலோ கடிகாரம் உண்டு. நீண்ட பாட்டைக் குறுக்க வேண்டும். எனவே வானொலியில் கேட்பது முழுப் பாட்டு என்று எண்ணிவிடாதீர்கள்.

சரி, நம் பாட்டுகள்? நம் முன்னோர் ஊரிலிருந்து கொண்டுவந்த மெட்டில், பால்மரத்தையும் கங்காணியையும் லயத்தையும் வைத்துப் பாடினார்கள். கிள்ளான் வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்து மக்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்தபோது, சேர்ந்து பாடும் இடமும் போயிற்று. இனி அந்தப் பாட்டுகள் பாட்டிமார் நினைவில்தான் இருக்கின்றன.

கைத்தொலைபேசியே இன்று ஒலிப்பதிவுக் கருவி. பாட்டியை அவசரப்படுத்தாமல் முழுவதும் பாடச் சொல்லுங்கள். மறந்த அடியை நீங்களாக இட்டு நிரப்பாதீர்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த வேலையின்போது பாடியது, யாரிடம் கற்றது என்னும் நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இவை இல்லாவிட்டால், பின்னால் வருபவருக்குக் குரல் கேட்கும், வாழ்க்கை தெரியாது.

கருப்பாயியின் பாட்டு ஊர் தாண்டி ஒலித்ததற்குக் காரணம், அதை ஒலிவாங்கியின் முன் கொண்டுவர ஒருவர் நினைத்ததே. நம் வீட்டுப் பாட்டுக்கு அப்படி நினைக்க வேண்டியவர்கள் நாம்தான்.