எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யில் அந்த 'எல்' எதற்கு?

பட்டப்படிப்பை முடிக்கும் பிள்ளை 'நிர்வாகம் படிக்கப் போகிறேன்' என்றால், நம் வீடுகளில் அடுத்த கேள்வி 'எங்கே?' என்பதுதான். ஐ.ஐ.எம்.களுக்கு அடுத்து நம்மவர் வாயில் வரும் பெயர் ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. பாதிரிமார் நடத்துவது, நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கும் என்பதற்கு மேல் பலர் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்வதில்லை.

சேவியர் லேபர் ரிலேஷன்ஸ் இன்ஸ்டிடியூட் என்பது அதன் முழுப் பெயர். வியாபாரம் என்ற பேச்சே பெயரில் இல்லை. இருப்பது தொழிலாளர் உறவு. 1949-ல் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு குவின் என்ரைட் இதைத் தொடங்கியபோது, தொழிற்சங்கத்தாருக்கும் கம்பெனி அதிகாரிகளுக்கும் மாலை வகுப்புகள்தாம் நடந்தன. வேலைநிறுத்தத்தின்போது எதிரெதிரே நிற்பவர்கள் ஒரே கூரையின் கீழ் பாடம் கேட்டார்கள். 1912-லேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்த டாடா இரும்பாலை, 1920, 1922, 1928 ஆண்டுகளில் வேலைநிறுத்தங்களையும் கண்டது. அப்படிப்பட்ட ஊரில் இத்தகைய பள்ளி தோன்றியதில் வியப்பில்லை. 1953-ல் இரண்டாண்டு முழுநேரப் படிப்பு வந்தது. வணிக நிர்வாகம் 1960-களில்தான் வந்து சேர்ந்தது.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த ஊருக்கு வேலை தேடிப் போன தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சமல்ல. தட்சிண பாரத மகிளா சமாஜம் அங்கே பள்ளிகளே நடத்துகிறது. நம் தகப்பன்மார் பலர் ஷிப்டுக்குப் போனவர்கள், சங்கச் சந்தா கட்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று மேசையின் மறுபக்கம் உட்காரப் படிக்கிறார்கள். ஆளைக் குறைக்கச் சொல்லும் உத்தரவு ஒருநாள் அவர்கள் கைக்கு வரும். அன்று எதிரே நிற்பவன் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா?

அதனால்தான், இங்கே இடம் கிடைப்பவர்கள் மனிதவள மேலாண்மையை 'இரண்டாம்பட்சப் படிப்பு' என்று ஒதுக்க வேண்டாம் என்பேன். இந்த நிறுவனத்தின் வேரே அதுதான். தொழிலாளர் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு இப்போது வேலையும் அதிகம். பழைய 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக வந்த 4 தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன.

மதத்தைப் பற்றிப் பெரியவர்களுக்கு உள்ள தயக்கத்துக்கும் ஒரு வார்த்தை. சேருவதற்குக் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. படிப்பவர்களில் பெரும்பாலோர் மற்ற மதத்தவரே. பெயரில் உள்ள சேவியரும் நமக்கு அந்நியர் அல்லர். 1542-ல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து, பரதவர் ஊர்களில் நடந்தே திரிந்தவர் அவர்.

'பட்டம் தரமாட்டார்களாமே, வெறும் டிப்ளமாவாமே' என்பது அடுத்த கவலை. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணையாத தன்னாட்சி நிறுவனம் என்பதால் டிப்ளமாதான் தர முடியும். ஐ.ஐ.எம்.களே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை டிப்ளமாதான் தந்துவந்தன. கம்பெனிகள் இதைப் பொருட்படுத்துவதில்லை.

பி.பி.ஏ. படித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூன்றாண்டுப் பட்டம் எதுவானாலும் போதும். நுழைவுத் தேர்வு 'சாட்', ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில். கணக்கும் ஆங்கிலமும் மற்றத் தேர்வுகளைப் போலத்தான். 'முடிவெடுத்தல்' என்றொரு பகுதி உண்டு. அதுதான் நம் பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது. ஒரு சிக்கலைக் கதையாகச் சொல்லி, ஊழியர், முதலாளி, வாடிக்கையாளர் மூவரையும் நினைத்து நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். சூத்திரம் கிடையாது. பழைய வினாத்தாள்களை வீட்டில் உரக்கப் படித்து எல்லோரும் வாதாடிப் பார்ப்பது நல்ல பயிற்சி. தாத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சங்க விவகாரம் அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும்.

பணம்தான் பெரிய மலை. இரண்டாண்டுக் கட்டணம் 25 லட்சத்தைத் தாண்டும். வங்கிக் கடன் கிடைக்கும். ஆனால் தவணை எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று விண்ணப்பிக்கும் முன்பே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். இதே தேர்வு மதிப்பெண்ணை வைத்து, இயேசு சபையாரின் மற்ற நிறுவனங்களான சென்னை லயோலா வளாகத்து லிபாவுக்கும் (1979), புவனேஸ்வரத்து எக்ஸ்.ஐ.எம்.முக்கும் (1987) விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசித் தேதி.